கழித்த படங்களைத் திறந்து பாருங்க, அப்புறம் பாடி வாங்கலாம்

"அண்ணாச்சி, இந்த பாடிய மாத்திரலாமா? ராத்திரிப் படம்லாம் ஒரே கிரெய்ன்ஸா வருது." ஆடி மாசம் முகூர்த்தம் இல்லாமல் ஸ்டூடியோக்காரர்களின் கை சும்மா இருக்கும்போது பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் எழும் கேள்வி இது. பாடி என்பது லென்ஸ் நீங்கலான கேமரா; கிரெய்ன்ஸ் என்பது இருட்டுப் படத்தில் விழும் புள்ளி. ஆவணி முகூர்த்தம் தொடங்குமுன் முடிவெடுத்தாக வேண்டும். இதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "மிரர்லெஸ்ஸுக்குப் போயிருங்க தம்பி, இனி எல்லாம் அதுதான்" என்பது ஒன்று; எஸ்.எல்.ஆரில் இருக்கும் கண்ணாடி இல்லாத புதுவகை கேமராதான் மிரர்லெஸ். "கேமரால என்ன இருக்கு, எடுக்குறவன் கண்ணுலதான் இருக்கு" என்பது இன்னொன்று. இரண்டுமே எனக்கு உறுத்துகின்றன. முதல் பதில் கேட்டவரின் படங்களைப் பார்க்காமலே சொன்னது. இரண்டாவது பதிலும் அப்படித்தான். கிரெய்ன்ஸ் வருகிறது என்று ஒருவர் வந்து நின்றால், எந்தப் படத்தில், எந்த வெளிச்சத்தில், எந்த லென்ஸில் என்று கேட்டுவிட்டுத்தானே பதில் சொல்ல வேண்டும்? மருந்துக்கடையில்கூட எங்கே வலி என்று கேட்கிறார்கள்.

புது பாடி வேண்டுமா என்பதற்கான விடை புது பாடியின் விவரக் குறிப்பில் இல்லை, நீங்கள் கழித்துப்போட்ட படங்களில் இருக்கிறது என்பதுதான் என் கட்சி. ஆல்பத்துக்குப் போன நல்ல படங்கள் இந்த விஷயத்தில் எதுவும் சொல்லாது. அவை இப்போதைய கேமராவிலேயே நன்றாக வந்தவை. கெட்டுப்போனவைதான் சொல்லும். அவற்றைத்தான் நாம் முதலில் அழித்துவிடுகிறோம். அடுத்த மூன்று நாலு நிகழ்ச்சிகளுக்காவது அழிக்காமல் 'கழிவு' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஒரு 200 படம் சேர்ந்தால் போதும்.

குவியல் பிரிக்கிற வேலை

ஒவ்வொரு படத்தையும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பக்கத்தில் எக்ஸிஃப் விவரத்தை (படத்தோடு கேமரா பதிந்துவைக்கும் குறிப்பை) திறந்து வைத்துக்கொண்டு, ஏன் கெட்டது என்று தனித்தனி ஃபோல்டரில் பிரிக்க வேண்டும். 'ஷார்ப்பா இல்ல' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு. படத்தில் இருக்கும் எல்லாமே, கோயில் தூண், பின்னால் நிற்கிறவரின் சட்டைப் பொத்தான், டியூப்லைட், எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை அசைவு. தூண் கூர்மையாக நின்று ஆளின் கை மட்டும் இழுபட்டிருந்தால் அது ஆளின் அசைவு. எதுவுமே இழுபடாமல் காது கூர்மையாக இருந்து கண் மட்டும் மொழுக்கென்று இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. இவை தவிர, கூர்மையாக இருந்தும் புள்ளி புள்ளியாகப் போன படங்கள் ஒரு குவியல். தாலி கட்டும் நொடியில் பட்டனை அமுக்கியும் கேமரா எடுக்காமல் நின்றதால் தப்பிய தருணங்கள் ஒரு குவியல். குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்தவை ஒரு குவியல். இவ்வளவுதான். பெரிய குவியல் எது என்று பார்த்தால் பாதி முடிவு வந்துவிடும்.

சுடலைமாடன் கோயில் சாமக்கொடையில், அதாவது கொடை விழாவின் நள்ளிரவுப் பூசையில், எடுக்கிற மாதிரிப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் கேமராவுக்கு அதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. நள்ளிரவு. மூங்கிலில் கட்டிய டியூப்லைட் பக்கவாட்டில். சாமி அருள் வந்த சாமிகொண்டாடி தீப்பந்தத்தோடு ஆடி வருகிறார். ஃபிளாஷ் அடித்தால் பந்தத்தின் செம்மஞ்சள் நிறமே செத்துவிடும், ஆடுகிறவர் முகத்தில் அடிப்பதும் முறையில்லை. கேனான் 1200டி மாதிரி ஒரு சாதாரண பாடி, கூட வந்த 18-55 லென்ஸ், 50 மில்லிமீட்டர் பக்கம் தள்ளி வைத்திருக்கிறது. எக்ஸிஃப் சொல்வது: ஷட்டர் 1/60 நொடி, லென்ஸ் திறப்பு எஃப்/5.6 (எண் குறையக் குறையத் திறப்பு பெரிது), ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 6400. பெரிதாக்கிப் பாருங்கள். நெற்றியில் பூசிய மஞ்சணையின் விளிம்பு மேலிருந்து கீழாக இழுபட்டிருக்கும், புருவம் இரட்டையாகத் தெரியும். பின்னால் மகுட மேளம் அடிக்கிறவரின் தோள் அசையாமல் நிற்கும், கை மட்டும் விசிறி மாதிரி விரிந்திருக்கும். எல்லாவற்றின் மேலும் புள்ளி. எடுத்தவர் கண்ணுக்கு முதலில் படுவது புள்ளிதான், அதனால் 'கிரெய்ன்ஸ்' என்கிறார். ஆனால் அந்தப் படத்தைக் கொன்றது புள்ளி அல்ல, 1/60. துள்ளி ஆடுகிறவரைப் பிடிக்க 1/60 எந்த பாடியிலும் போதாது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

அந்த லென்ஸைக் கழற்றிவிட்டு 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸை மாட்டினால் என்ன ஆகும்? 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 9.7 வருகிறது. கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம், ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) மூன்றேகாலுக்குக் கொஞ்சம் மேல். அதே கேமராவில், அதே இடத்தில் 1/250 வைக்கலாம். இரண்டு ஸ்டாப் அதற்குப் போக, மிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 6400-இலிருந்து 2500-க்கு இறங்கலாம். அசைவும் குறைந்தது, புள்ளியும் குறைந்தது.

லென்ஸை மாற்றாமல் பாடியை மட்டும் மாற்றினால்? படம் பதியும் சில்லான சென்சாரில் இரண்டு அளவு: கேனானின் சின்ன சென்சார் சுமார் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர், ஃபுல் ஃப்ரேம் என்ற பெரியது 36க்கு 24. பரப்பில் 2.6 மடங்கு. ஸ்டாப்பில் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் மேல். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புது ஃபுல் ஃப்ரேம் பாடியோடு குறைந்த விலையில் சேர்த்துத் தரப்படும் 24-105 லென்ஸ், நீள முனையில் எஃப்/7.1-க்குச் சுருங்கிவிடுகிறது. 5.6-இலிருந்து 7.1 என்பது முக்கால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவான இழப்பு. பெரிய சென்சார் கொடுத்ததில் பாதியை லென்ஸ் திரும்ப வாங்கிக்கொள்கிறது. லட்சத்துக்கு மேல் செலவழித்தும் "பெருசா வித்தியாசம் தெரியலயே" என்று மனம் நோகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சேர்க்கையில் மாட்டியவர்கள். ஏற்கெனவே ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர்களுக்கு லாபம் இன்னும் குறைவு. 2012-இல் வந்த கேனான் 6டி-யையும் 2022-இல் வந்த ஆர்6 மார்க் 2-வையும் ஒரே லென்ஸில் ஐ.எஸ்.ஓ. 6400-இல் வைத்துப் பார்த்தால், புள்ளி விஷயத்தில் பத்து வருஷ முன்னேற்றம் அதிகம் போனால் ஒரு ஸ்டாப்பை ஒட்டித்தான் இருக்கும்.

புள்ளிக் குவியல் பெரிதாக இருப்பவர்கள் பாடிக்குப் போகுமுன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜேபெக்கில் எடுக்கிறீர்களா, கேமரா பதப்படுத்தாத மூல ஃபைலான ராவிலா? 2023-இல் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் வந்த டினாய்ஸ் வசதி பழைய கேமராவின் ரா ஃபைலிலும் வேலை செய்யும், புள்ளியை நன்றாகவே துடைக்கும். ஜேபெக்கில் எடுப்பவர்கள் முதலில் ராவுக்கு மாறிப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், இல்லையென்றால் ஒரு படத்துக்குப் பல நிமிஷம் காத்திருக்க நேரும்.

கறுப்புப் பட்டைக்கும் பாடி மாற்றுவது மருந்து அல்ல, சில சமயம் அதுவே நோய். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மண்டபத்து விளக்குகளில் பல நொடிக்கு 100 தடவை மங்கி எழுகின்றன. 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை பெரும்பாலும் போய்விடும். புது மிரர்லெஸ் வாங்கியவர் சத்தமில்லாமல் எடுக்கலாம் என்ற ஆசையில் எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போடுவார். அதில் சென்சார் வரிசை வரிசையாகப் படிக்கப்படுவதால், மேடையின் எல்.ஈ.டி. சுவரும் சீரியல் விளக்குகளும் பழைய கேமராவில் இல்லாத பட்டைகளைக் கொண்டுவரும். மண்டபத்துக்குள் மெக்கானிக்கல் ஷட்டர்தான் சரி.

திருப்பம் இங்கேதான்

இதுவரை சொன்னதைப் படித்தால், எல்லாருக்கும் ஒரு 50 எஃப்/1.8 போதும், பாடி எதற்கு என்று தோன்றும். அப்படி முடித்துவிட முடியாது. அந்த லென்ஸை மாட்டியதும் குவியல்களின் அளவு மாறும். அசைவுக் குவியல் சுருங்கும், புள்ளிக் குவியல் சுருங்கும், ஃபோகஸ் தப்பிய குவியல் வீங்கும். சின்ன சென்சாரில் 50 மில்லிமீட்டரை எஃப்/1.8-இல் திறந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறவரை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் மொத்தம் சுமார் 25 சென்டிமீட்டர். ஒரு சாண் சொச்சம். அட்சதை போடக் குனிகிற தாய்மாமன் அதற்குள் நிற்பார். சாமிகொண்டாடி நிற்க மாட்டார். அவர் ஒரு எட்டு முன்னே வைத்தாலே வெளியே போய்விடுவார்.

உடனே பாடிமேல் பழி போட வேண்டாம், ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. எஸ்.எல்.ஆர். கேமராவில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் பதியும் சென்சார் வேறு. இரண்டுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் இருந்தால் ஒவ்வொரு படமும் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழும். ஒரு நாளிதழைச் சாய்வான பலகையில் 45 டிகிரியில் ஒட்டி, நடுவில் ஒரு வரியைப் பேனாவால் தடிமனாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 50 லென்ஸ் என்றால் இரண்டரை மீட்டர் தூரத்தில் டிரைபாட். லென்ஸை முழுக்கத் திறந்து, நடு ஃபோகஸ் புள்ளியை அந்தக் கோட்டில் வைத்து வியூஃபைண்டர் வழியாக ஐந்து படம். ஒவ்வொரு தடவையும் ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பிவிட்டு மறுபடி ஃபோகஸ் எடுக்க வேண்டும், இல்லையென்றால் லென்ஸ் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். பிறகு லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து, ஐந்து படம். லைவ் வியூவில் கோடு கூர்மையாக இருந்து, வியூஃபைண்டர் படங்கள் ஐந்தும் ஒரே பக்கம் தள்ளி விழுந்தால், அது சீரமைப்புக் குறை. 6டி, 5டி மார்க் 3, நிக்கான் டி750 போன்றவற்றில் மெனுவுக்குள்ளேயே கூட்டல் 20 முதல் கழித்தல் 20 வரை திருத்தும் வசதி இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. 1200டி, டி5300 மாதிரி ஆரம்ப நிலை பாடிகளில் அந்த வசதி இல்லை, சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஐந்து படமும் ஐந்து இடத்தில் விழுந்தால்? நல்ல வெளிச்சத்தில் சரியாக விழுந்து, மங்கல் வெளிச்சத்தில் மட்டும் சிதறினால்? அல்லது நாளிதழில் அச்சாக விழுந்து, ஆடுகிறவரிடம் மட்டும் தப்பினால்? அப்போது உங்கள் பாடியின் எல்லையை நீங்கள் தொட்டுவிட்டீர்கள். 6டி-யில் 11 ஃபோகஸ் புள்ளி, அதில் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்கு வகை (கிடையாகவும் நெடுகவும் பார்ப்பது). அது இருட்டில் அபாரமாக வேலை செய்யும், ஆனால் முகம் படத்தின் நடுவிலா இருக்கப்போகிறது? நடுவில் ஃபோகஸ் எடுத்து, சட்டத்தை நகர்த்தி, பட்டனை அமுக்குவதற்குள் 25 சென்டிமீட்டர் தாண்டிப்போய்விடுகிறது. மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் முன்-பின் விலகல் என்ற பிரச்சனையே எழாது. சட்டத்தின் எந்த மூலையில் முகம் இருந்தாலும் கண்ணைக் கண்டுபிடித்துத் தொடரும். கழிவில் பாதிக்கு மேல் இந்தக் குவியலில் விழுந்தால் தயங்க வேண்டாம், பாடியை மாற்றுங்கள். குலசேகரன்பட்டினம் தசராவும் கொடையும் கேண்டிட் கல்யாணமும் எடுத்துப் பிழைக்கிறவருக்குக் கண்ணைத் தொடரும் ஃபோகஸ் ஆடம்பரம் இல்லை. புது பாடி தருகிற உண்மையான லாபம் அதுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

மெகாபிக்சலுக்காக மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும். 12க்கு 36 அங்குல ஆல்பத் தாளில் பாதியை, அதாவது 12க்கு 18-ஐ, ஒரே படத்தால் நிரப்பினாலும் 300 டி.பி.ஐ.க்குத் தேவை 5400க்கு 3600. அது 20 மெகாபிக்சலுக்கும் கீழே. 24 மெகாபிக்சல் கேமரா 6000க்கு 4000 தருகிறது.

கூந்தன்குளம் போகிறவர்களுக்கு

பறவை எடுக்கிறவர்களின் கணக்கு தலைகீழ். கூந்தன்குளத்தில் சங்குவளை நாரைகள் ஊருக்குள் மரத்திலேயே கூடு கட்டுவதால் அங்கே 300 மில்லிமீட்டரே தாராளம். குளத்தின் நடுவில் இறங்கும் வரித்தலை வாத்துக்கும் பூநாரைக்கும்தான் எட்டாது. சின்ன சென்சாரில் 300 போட்டால் கேனானில் 480 மாதிரித் தெரியும். ஃபுல் ஃப்ரேமுக்கு மாறினால் அந்த எட்டுகை போய்விடும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் படத்தைப் பழைய அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது ஒன்பதரை மெகாபிக்சல்தான். பெரிய பாடி வாங்கிப் பறவை சின்னதாகிப்போன வருத்தம் இப்படித்தான் வருகிறது. பறவைக்கென்று மாற்றுவதானால் பறவைக் கண்ணைத் தொடரும் வசதியுள்ள சின்ன சென்சார் மிரர்லெஸ்ஸே போதும், மிச்சப் பணம் லென்ஸுக்கு. வெயில் ஏறிய பிறகு குளத்தின் மேல் எழும் கானலை எந்த பாடியும் சரிசெய்யாது. அந்தக் குவியல் பெரிதாக இருந்தால் அலாரத்தை மாற்றி வைத்தால் போதும்.

பாடியோடு வரும் மற்றச் செலவுகள்

விலைச்சீட்டில் பாடி விலை மட்டும்தான் இருக்கும். நிக்கான்காரர்கள் முதலில் லென்ஸ் பையைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய 'டி' வகை லென்ஸ்கள், 50 எஃப்/1.8 டி, 80-200 எஃப்/2.8 டி போன்றவை, பாடிக்குள் இருக்கும் மோட்டாரால் ஃபோகஸ் ஆகிறவை. டி750-இல் அந்த மோட்டார் உண்டு. நிக்கானின் மிரர்லெஸ்ஸான இசட் பாடிக்கு மாறி, பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்.டி.இசட். அடாப்டர் போட்டால் மோட்டார் கிடையாது, லென்ஸ் மாட்டும், படம் எடுக்கும், ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும். ஃபோகஸுக்காகவே பாடி மாற்றுகிறவருக்கு இது பேரிடி. கேனானில் இந்தத் தொல்லை இல்லை. பழைய ஈ.எஃப். லென்ஸ்கள் அடாப்டரில் ஆட்டோ ஃபோகஸோடு நன்றாகவே ஓடுகின்றன.

பேட்டரி அடுத்தது. தயாரிப்பாளர்கள் தரும் அளவுப்படி டி750-இல் ஒரு சார்ஜுக்கு 1230 படம், 6டி-யில் 1090. கேனானின் மிரர்லெஸ் ஆர்6-இல் வியூஃபைண்டர் வழியாக 380. நடைமுறையில் கூடுதலாகவே வரும், ஆனால் விகிதம் அதேதான். மதியக்கொடையில் தொடங்கி விடியும்வரை நிற்கிறவர் இரண்டு பேட்டரிக்குப் பதில் நாலு வைத்துக்கொள்ள வேண்டும். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் சுமார் 28 எம்.பி., 45 மெகாபிக்சலில் 50-ஐத் தொடும். ஒரு கல்யாணத்துக்கு 4000 படம் என்றால் 112 ஜி.பி. இருந்த இடத்தில் 200 ஜி.பி., இரண்டு காப்பி வைத்தால் 400. 2018 முதல் கேனான் கொண்டுவந்த சி.ஆர்.3 ஃபைலைப் பழைய லைட்ரூம் 6 திறக்காது. அடோபியின் இலவச டி.என்.ஜி. கன்வெர்ட்டரில் மாற்றித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும், அதற்கும் நேரமும் டிஸ்க் இடமும் போகும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்தது என்ற எண்ணிக்கை) மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தியாகிவிடக் கூடாது. 6டி-க்கு 1,00,000, டி750-க்கும் 5டி மார்க் 3-க்கும் 1,50,000 என்று சோதித்த அளவு. அதைத் தாண்டியும் ஓடும், ஓடாமலும் போகும். நம் பக்கத்தில் அதைவிட முக்கியம், அந்த பாடி எங்கே உழைத்தது என்பது. உவரி, திருச்செந்தூர், குலசை என்று கடலோரத்தில் அலைந்த பாடியாக இருந்தால் உப்பு காட்டிக்கொடுக்கும். ஃபிளாஷ் மாட்டும் ஹாட்ஷூவைச் சுற்றியுள்ள குட்டி ஸ்க்ரூக்களையும் பெல்ட் மாட்டும் வளையத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புத் துரு தெரிந்தால் பேட்டரி அறைக்குள் இருக்கும் தகடுகளையும் பாருங்கள், அங்கே பச்சையாகப் பூத்திருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். எஃப்/16-இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி கறுப்புப் பொட்டாக வரும். லென்ஸ் மூடியைப் போட்டு 30 நொடி எக்ஸ்போஷர் கொடுத்தால் கெட்டுப்போன 'ஹாட்' பிக்சல்கள் கலர் கலராக எழும். தூசியைத் துடைத்துவிடலாம்.

எக்ஸ்சேஞ்சில் பழைய பாடியைக் கொடுக்கலாமா என்பது கடைசிக் கேள்வி. கிடைக்கிற விலை உங்கள் மனக்கணக்குக்கு எட்டாது, என் யோசனை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். எஸ்.எல்.ஆரில் லென்ஸைக் கழற்றினால் கண்ணாடியும் மூடிய ஷட்டரும் சென்சாரை மறைத்து நிற்கும். மிரர்லெஸ் பலவற்றில் சென்சார் திறந்தே கிடக்கும். ஆர்6 போன்ற சிலவற்றில் கேமராவை அணைத்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும்படி மெனுவில் வைக்கலாம், அணைத்துவிட்டுத்தான் லென்ஸைக் கழற்ற வேண்டும். ஆனி ஆடிக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மண் மாவாகப் பறக்கும். அவசரத்தில் அணைக்க மறந்து ஒரு தடவை லென்ஸ் மாற்றினாலே அன்று முழுக்க வானத்தில் பொட்டு விழும். புது பாடியில் 50-ஐயும் பழையதில் அகல லென்ஸையும் மாட்டி தோளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டால், தேரியில் லென்ஸைக் கழற்றுகிற வேலையே இராது.